பழைய காருக்குப் புது சைலன்ஸர்: காதைக் கேட்பதா, கணக்கைக் கேட்பதா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். தூக்கம் சொக்குகிற நேரம். அதனால் சத்தம் போடுகிற பொருளாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். சைலன்ஸர்!

என்னோடு படித்த நண்பன் ஒருவன் வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. அவனுடைய அப்பா பருத்தி வியாபாரத்துக்காக எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று ஓட்டிய வண்டி. பல வருஷம் நின்றுபோன அந்தக் காரின் இன்ஜின் வேலையை ஒருவழியாக முடித்துவிட்டான். சைலன்ஸர் மட்டும் பாக்கி. பழையது துருவேறி சல்லடையாகிவிட்டது. "மாப்ளே, நீ வண்டி உதிரிபாகத் தொழில்லதானே இருக்க. நல்ல ஸ்போர்ட்ஸ் சைலன்ஸரா ஒண்ணு சொல்லு. ஊரே திரும்பிப் பாக்கணும்" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. காது கொஞ்சம் மந்தம். அவர் சொன்னார்: "தம்பி, சத்தம் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும். பேத்தியக் கூட்டிட்டு விளாத்திகுளம் வரைக்கும் ஒருதரம் போகணும். வழியில எந்த ஊர்ல யாரு என்னன்னு அவகிட்ட சொல்லணும். அவ கேக்குறது எனக்குக் காதுல விழணும். அது போதும்."

இந்த இரண்டு பேரையும் எப்படித் திருப்திப்படுத்துவது? அதுதான் இன்றைய பாடம்.

ஹெரால்டைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் சேர்க்கிறானே என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சொல்கிறேன் கேளுங்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனி 1959-ல் வெளியிட்ட கார் ஹெரால்டு. அதை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே இன்ஜின் குடும்பத்தில் 1147 சி.சி. இன்ஜினையும் இரட்டை கார்ப்பரேட்டரையும் வைத்து 1962-ல் டிரையம்ப் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. ஆக, நம்ம ஊர் ஹெரால்டு அந்த ஸ்பிட்ஃபயருக்குப் பெரியப்பா பிள்ளை. சோழவரம் பழைய விமானதளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. எனவே நண்பனின் ஸ்போர்ட்ஸ் ஆசையில் குற்றமில்லை.

முதலில் அளவு. "குழாய் பெருசா இருந்தா புகை சீக்கிரம் போகும், பவர் கூடும்" என்பது பட்டறைக்குப் பட்டறை கேட்கிற பேச்சு. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஹெரால்டு இன்ஜின் 948 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக்கொள்ளளவு காற்றை இழுக்கும். 4500 ஆர்.பி.எம்.மில், எண்பது சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 1700 லிட்டர் காற்று. அது எரிந்து 600 டிகிரி சூட்டில் வெளியே வரும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு விரிகிறது. அதாவது நொடிக்குச் சுமார் 80 லிட்டர். இதை 35 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் விட்டால் வேகம் நொடிக்கு 85 மீட்டர். 50 மில்லிமீட்டர் குழாயில் விட்டால் 42 மீட்டர். பாதியாகிவிட்டது பாருங்கள்!

அந்த வேகம் ஏன் வேண்டும்? ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாகப் பாய்ந்து போகிற புகை தனக்குப் பின்னால் ஒரு இழுப்பை உண்டாக்குகிறது. வால்வு மூடப்போகிற நேரத்தில் மிச்சமிருக்கும் புகையை அந்த இழுப்பு வெளியே உறிஞ்சும், புதுக்காற்று உள்ளே வர இடம் கொடுக்கும். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். 7000 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிற பந்தயக் காருக்குப் பெரிய குழாய் சரி. எட்டயபுரம் ரோட்டில் 2000, 2500-லேயே நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு அதனால் நஷ்டம்தான். "கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்" என்று நம்ம மெக்கானிக் அண்ணாச்சிகள் சொல்வதன் பொருளும் இதுதான். வேண்டியது பிரஷர் அல்ல, வேகம். சொல் வேறானாலும் அவர்கள் அனுபவம் சரியே.

அடுத்தது சத்தம். சைலன்ஸரில் இரண்டு ஜாதி. ஒன்று, உள்ளே அறை அறையாகத் தடுத்து, புகையை வளைத்து வளைத்து அனுப்புவது. இது கனத்த, தாழ்ந்த ஒலியை அடக்கும். மற்றொன்று, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையைத் திணித்தது. இது கீச்சென்ற உயர்ந்த ஒலியைக் குடித்துவிடும், தாழ்ந்த ஒலியை விட்டுவிடும். கடையில் 'ஸ்போர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் ஜாதி.

நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு நூறு வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ். தம்பூரா மாதிரி ஒரே சுதியில் கார் முழுக்க 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும். தெருமுனையில் நின்று கேட்பவனுக்கு அது கம்பீரம். உள்ளே ஒரு மணி நேரம் உட்காருபவருக்குத் தலைவலி. பேத்தியின் பேச்சு அப்பாவின் காதில் விழாமல் போவது இந்த இடத்தில்தான். ஆகவே பின்னால் ஒரு நேர்க்குழாய் சைலன்ஸர், நடுவில் தாழ்ந்த ஒலியை அடக்க ஒரு சின்ன அறைப்பெட்டி. இரண்டும் சேர்ந்தால்தான் நண்பனுக்கு உறுமலும் அப்பாவுக்குப் பேச்சும் கிடைக்கும்.

மூன்றாவது, எதில் செய்வது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் ஆவியாகப் போய்விடும். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் வீட்டுக்குமாக ஓடி நிற்கிற வண்டியில் அந்தத் தண்ணீர் சைலன்ஸருக்குள்ளேயே தங்கும். "நம்ம ஊர் வறண்ட பூமி, துரு எங்கே வரப்போகுது" என்று நினைக்கிறோம். துரு உள்ளேயிருந்து வருகிறது! வெளியே ஐப்பசி கார்த்திகை மழையில் கரிசல் மண் அப்பிக்கொண்டால் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சாதா இரும்பு தாங்காது. 304 ரக எவர்சில்வர் குழாய் தாங்கும். ஆனால் படிக்கட்டுக் கைப்பிடிக்கு வருகிற 202 ரகத்தைப் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். துருவை எதிர்ப்பதில் அது ஒரு படி கீழே.

304-க்கு இன்னொரு குணம் உண்டு. சூட்டில் அதிகம் நீளும். இரண்டரை மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சாதா இரும்பு 9 மில்லிமீட்டர் நீளும், 304 ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் நீளும். இன்ஜினும் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிறது. ஆகவே குழாயைச் சேஸிஸோடு வெல்டு வைக்கக் கூடாது, ரப்பரில் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் வார்ப்பிரும்பு மேனிபோல்டு ஒருநாள் விரிந்துவிடும்.

மேனிபோல்டையும் மாற்றி நான்கு தனிக்குழாய் வைக்கலாமே என்றான் நண்பன். வேண்டாமென்றேன். இந்த இன்ஜினில் காற்று போகும் வழியும் புகை வரும் வழியும் ஒரே பக்கம். கார்ப்பரேட்டருக்குக் கீழேயே நெருப்பு. சித்திரை வெயிலில் மெல்லிய குழாய்கள் வீசுகிற சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, நடு ரோட்டில் வண்டி நின்றுவிடும். பழைய வார்ப்பிரும்பே இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். நம்ம பக்கத்தில் கம்பு, சோளம், உளுந்து எல்லாவற்றையும் ரோட்டிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். போகிற வண்டிதான் சூடடிக்கிற மாடு. அந்தத் தட்டை குழாயில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். வழியெல்லாம் தீப்பெட்டி ஆலைகள் வேறு. ஆகவே குழாய் சேஸிஸின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. பெட்ரோல் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் இடையே 35 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாயை இளக வைக்கும். எனவே சைலன்ஸர் மாற்றும்போதே அந்த ரப்பரையும் மாற்றிவிடுங்கள்.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடு தெரியாது. நிறமில்லை, மணமில்லை. ஒரு கேஸ்கெட் ஊதினால் போதும். தரையில் இருக்கிற பழைய ஓட்டை வழியாக உள்ளே வந்து, பின் சீட்டில் இருக்கிற குழந்தையைத் தூங்க வைத்துவிடும். அந்தத் தூக்கம் கலையாமலே போகலாம். தலைவலி, மயக்கம் என்றால் உடனே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புது சைலன்ஸர் போட்டதும், இன்ஜின் சூடேறுவதற்கு முன்பே, வாயை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்து, இணைப்புகளில் 'உஸ்' சத்தம் வருகிறதா என்று பார்ப்பது எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய சோதனை. ஷெட்டுக்கு வெளியே நிறுத்திச் செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? சைலன்ஸர் இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது. ஒலி அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருந்தால்தான் அந்தப் பெருமை கிடைக்கும். அதனால் புதுக் குழாயைப் பழைய துளைகளிலேயே மாட்டச் சொன்னேன். நாளை யாராவது பழையபடி மாட்ட நினைத்தால் ஸ்பேனர் மட்டும் போதும்.

ஆக, நாங்கள் முடிவு செய்தது இதுதான். பழைய விட்டம், பழைய மேனிபோல்டு, 304 குழாய், நடுவில் அறைப்பெட்டி, பின்னால் நேர்க்குழாய் சைலன்ஸர், அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை, மூன்று துண்டாகக் கழற்றும்படி கிளாம்ப். வளைவுகளை நம்ம ஊர்ப் பட்டறை அண்ணாச்சியே போட்டார். குழாயில் காய்ந்த மணலை இறுகத் தட்டி அடைத்து வளைப்பது அவர் முறை. "மணல்ல ஈரம் இருந்தா சூட்டுல வெடிச்சிரும்யா" என்று ஒரு நாள் முழுக்க வெயிலில் உலர்த்தினார். வளைவில் குழாய் ஒரு இடத்தில்கூட நசுங்கவில்லை. நாம் நான்கு வருஷம் படித்ததை அவர் கையில் வைத்திருக்கிறார்.

போன தை மாதம் விளாத்திகுளம் போய்வந்தார்கள். "மாப்ளே, ஊரு ஒண்ணும் திரும்பிப் பாக்கல" என்று நண்பன் போனில் குறைப்பட்டான். "ஆனா அப்பா போக வர வாய் மூடலடா" என்றான்.

தம்பிகளே, பைக்கில் சைலன்ஸருக்குள் இருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு ஹாஸ்டல் வாசலில் முறுக்குகிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். கழற்றுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, உங்கள் இன்ஜின் எத்தனை சி.சி., எந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுகிறீர்கள், குழாயில் வேகம் என்ன என்று கணக்குப் போடுங்கள். பின் சீட்டில் உட்காரப் போவது யார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எந்த சைலன்ஸர் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.