கண்டிப்பு வேறு, கழுத்தறுப்பு வேறு

(கல்லூரி விடுதி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்கள் அரசியல் அறிவியல் பேராசிரியரை மாற்றச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம், நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை பேசணும் என்று கூப்பிட்டீர்கள். வருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். பேர் போடாமல் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் அவரைப் பற்றி மனசில் பட்டதை எழுதித் தாருங்கள் என்றேன். தந்தீர்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இந்தச் சீட்டுகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

சிலவற்றைப் படிக்கிறேன். "மனுசன் மார்க்கே போடமாட்டாரு." "அஞ்சு நிமிசம் லேட்டா போனா உள்ள விடமாட்டாரு." "கைடு வச்சிருந்தா புடுங்கிக்கிட்டு, மூலநூலப் படிச்சிட்டு வாங்கறாரு." "பிளாட்டோவ மூணு வாரமா விடமாட்டேங்கறாரு."

இன்னும் சில. "கேள்வி கேக்கறாரு. நான் தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல சொல்றதுக்குள்ள உக்காருன்னுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடறாரு." "ஸ்காலர்ஷிப் கேஸெல்லாம் எந்திரிங்கன்னாரு. எந்திரிச்சோம்." "இன்டர்னல்ல எனக்கு மட்டும் ஏன் கொறைஞ்சுதுன்னு கேட்டேன். பதில் இல்ல." "மத்த பசங்க ஞாயித்துக்கிழம அவரு வீட்டுக்குப் போயி புக்கு வாங்கிட்டு வர்றாங்க. நாங்க போனதில்ல. கூப்பிட்டதுமில்ல."

கடைசியாக ஒன்று. "என் கட்டுரையில பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில எழுதிக் குடுத்தாரு. என் எழுத்த இதுவரைக்கும் யாரும் இப்படிப் படிச்சதில்ல."

எல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். எதுவும் பொய் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே கட்டாகக் கட்ட முடியாது. நான் இரண்டாகப் பிரித்துவிட்டேன். நேரத்துக்கு வா, மூலநூலைப் படி, யோசித்து எழுது என்பது ஒரு கட்டு. அது கண்டிப்பு. ஸ்காலர்ஷிப் கேஸ் எழுந்திரு, காரணம் கேட்காதே, என் வீட்டு வாசல் உனக்கில்லை என்பது இன்னொரு கட்டு. அது கழுத்தறுப்பு. உங்கள் மனுவில் இரண்டும் கலந்து கிடக்கிறது. கலந்தே கொடுத்தால் என்ன நடக்கும்? துறைத் தலைவர் முதல் கட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, "படிக்க வணங்காத பசங்க, அதான் புகார் பண்றாங்க" என்பார். இரண்டாவது கட்டு குப்பைக்குப் போகும். சாதி தப்பித்துக்கொள்ளும்.

முதல் கட்டைப் பார்ப்போம். கண்டிப்பான வாத்தியாரைக் கண்டு நாம் பயப்படத் தேவையில்லை. அம்பேத்கர் யாரிடமெல்லாம் படித்தார் என்று பாருங்கள். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போகிறார். அங்கே அப்போது பொருளாதாரமும் அரசியல் அறிவியல் புலத்துக்குள்தான் இருந்தது. செலிக்மன், டூயி மாதிரி ஆட்கள் வாத்தியார்கள். 1916 மே மாதம், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் சாதிகளின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை படிக்கிறார். வயது 25. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று அன்றைக்குப் பேர்போன அறிஞர்கள் ஒவ்வொருவரும் எங்கே சறுக்கினார்கள் என்று எடுத்துச் சொல்கிறார். கைடு படித்துவிட்டுப் போனவர் அதைச் செய்திருக்க முடியுமா?

அப்புறம் லண்டன் பொருளியல் பள்ளி. எட்வின் கேனன் பேராசிரியர். 1922இல் அம்பேத்கர் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைக் கொடுக்கிறார். தேர்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதிக் கொடு என்றார்கள். கையில் காசில்லாத காலம். ஆனாலும் திருத்திக் கொடுத்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். அதே வருசம் நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவர் கேனன். அம்பேத்கரோடு தனக்கு உடன்பாடில்லை என்பதை அந்த முன்னுரையிலேயே மறைக்காமல் எழுதினார். மாணவன் தன் கருத்தை விடவில்லை. வாத்தியாரும் தன் கருத்தை விடவில்லை. சண்டை தாளில் நடந்தது, ஊரறிய நடந்தது. இந்த மாதிரிக் கண்டிப்பு நமக்கு வேண்டும். இது எதிரில் நிற்கிறவனை மூளை உள்ள மனுசனாக மதிக்கிற கண்டிப்பு.

அம்பேத்கரே வாத்தியாராக இருந்திருக்கிறார். 1918 நவம்பரிலிருந்து 1920 மார்ச் வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். தீண்டத்தகாதவர் என்று முதலில் மாணவர்கள் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் சொல்கிறார். போகப்போக வேறு கல்லூரி மாணவர்களும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். வகுப்பறையில் மாணவர் கருத்து மாறியது. ஆனால் ஆசிரியர் அறையில்? பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் ஆட்சேபம் பண்ணினார்கள். பாடம் நடத்துவதில் அவருக்கு இருந்த திறமை அந்தப் பானையை அசைக்கவில்லை. நல்லா படிச்சிட்டா சாதி போயிடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் இந்தப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விசயம். உங்கள் சீட்டுகளில் பாதிக்கு மேல் வேறொரு பேராசிரியரைப் புகழ்ந்திருக்கிறீர்கள். "அந்த சார் தங்கம்ணே. என்ன எழுதினாலும் பாஸ் போட்டுடுவாரு." நான் கேட்கிறேன், அவர் உங்கள் தாளைப் படிக்கிறாரா? "பாவம், எஸ்.சி. பசங்க, எப்படியோ பாஸாகிப் போகட்டும்" என்று போடுகிற மார்க்குக்கு என்ன பேர்? இவனுக்கு இதுக்கு மேல வராது என்ற தீர்மானம் அதற்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் கையை எட்டத் தூக்கி வைத்துக்கொண்டு ஊற்றிய தண்ணீருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரக்கமும் சாதிதான். அந்தத் தங்கத்தை விட, சிவப்பு மை வைத்திருக்கிற ஆளோடு மல்லுக்கட்டுவது மேல்.

இப்போது இரண்டாவது கட்டு. அந்தத் துறையில் படிக்கிற மற்ற மாணவர்களைக் கேட்டால், "சார் ஸ்டிரிக்ட், ஆனா ரொம்ப நல்லவர்" என்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புத்தகம் வாங்கியவன் சொல்கிற உண்மை. நம் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. திறக்காததால் அவர்கள் கருத்தே எல்லா மாணவர்களின் கருத்தாகப் போய்விடுகிறது. கோயம்புத்தூரில் படித்தபோது தன் சாதி தெரிந்துவிடுமே என்று மற்ற மாணவர்களோடு ஒட்டாமல் ஒதுங்கியே இருந்ததை ரெட்டமலை சீனிவாசன் 1939இல் வெளிவந்த தன் ஜீவிய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். வகுப்பில் நாம் மௌனமாக இருப்பதற்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை மந்த புத்தி என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

எழுத்தில் இருப்பதை மறைக்க முடியாது. வாயால் முடிகிற காரியங்களில்தான் சாதி வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் சுகதேவ் தோரட் தலைமையில் குழு போட்டு விசாரித்தார்கள். வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தங்களுக்குப் பாகுபாடு நடப்பதாக தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னது 2007இல் வந்த அந்த அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சேர்க்கை மார்க்குகளை அப்துல் நஃபே குழு ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வு மார்க்குக்கும் வாய்மொழித் தேர்வு மார்க்குக்கும் நடுவில் சமூகப் பிரிவுக்கு ஏற்ப வேறுபாடு தொடர்ந்து வருகிறது என்று கண்டு, வாய்மொழி மார்க்கை 30லிருந்து 20ஆகக் குறைக்க 2016இல் பரிந்துரைத்தது. அதே 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு என்ன செய்தது? ஆய்வுப் படிப்புகளில் எழுத்துத் தேர்வைத் தகுதிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, இடம் கிடைப்பதை வாய்மொழித் தேர்வின் கையில் விட்டது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2018இல்தான் எழுத்துக்கு 70, வாய்மொழிக்கு 30 என்று மாற்றினார்கள். இடையில் அங்கே ஆய்வு மாணவராக இருந்த சேலத்துத் தம்பி முத்துக்கிருஷ்ணன், சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று எழுதினார். 2017 மார்ச்சில் செத்துப்போனார். மார்க் விசயம் சின்ன விசயம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, மனுவில் என்ன எழுதுவது?

அவரை மாற்று என்று எழுதாதீர்கள். அவர் போனால் இன்னொருத்தர் வருவார், அதே பானையோடு வருவார். கண்டிப்பைக் குறைக்கச் சொல்லியும் ஒரு வரி வேண்டாம். அந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் ஒன்றாக, எழுத்தில், வெளிச்சத்தில் இருக்கட்டும் என்று கேளுங்கள்.

ஒன்று. பல கல்லூரிகளில் நூற்றுக்கு 25 இன்டர்னல். தேர்வுக்கு எவ்வளவு, கட்டுரைக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்று பருவம் தொடங்கும்போதே அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

இரண்டு. திருத்திய தாள் கைக்கு வரவேண்டும். மார்க் குறைத்த இடத்தில் காரணம் இருக்கவேண்டும். திருத்திய விடைத்தாளைப் பார்க்க, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கெஞ்ச வேண்டியதில்லை.

மூன்று. வாய்மொழித் தேர்வில் அவர் ஒருவர் மட்டும் உட்காரக் கூடாது. தமிழில் பதில் சொன்னால் கேட்கவேண்டும். ஹாப்ஸும் ரூஸோவும் தமிழில் சொன்னால் தீட்டுப்பட்டுவிட மாட்டார்கள்.

நான்கு. உதவித்தொகையைச் சொல்லி, சாதியைச் சொல்லி வகுப்பில் யாரையும் எழுப்பக் கூடாது. இப்படி அடையாளம் காட்டுவதை மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிமுறைகளே பாகுபாடு என்று பட்டியல் போட்டன. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாடமாக நடத்துகிறவர், அது தன் வகுப்பறைக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஐந்து. மூலநூலைப் படி என்றால் படிக்கிறோம். நூலகத்தில் நாலு பிரதி வாங்கிப் போடச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க வாரத்தில் ஒரு மணி நேரம், துறை அறையில், எல்லாருக்கும் பொதுவாக. ஞாயிற்றுக்கிழமைத் திண்ணையில் நடக்கிற பாடம் எல்லாருக்கும் நடக்கட்டும்.

இதையெல்லாம் கேட்டால் இன்டர்னலில் கை வைத்துவிடுவாரோ என்று பயம் இருக்கும். நியாயமான பயம். அதனால்தான் ஒருத்தர் பேரில் கொடுக்காதீர்கள் என்கிறேன். விடுதி முழுக்கக் கையெழுத்துப் போடுங்கள். மற்ற மாணவர்களிலும் நியாயம் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் கேளுங்கள். ஒரு நகல் முதல்வருக்கு, ஒரு நகல் உங்கள் கையில். பெற்றுக்கொண்டதற்குத் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

சிவப்பு மை சீட்டு எழுதினது யாரென்று எனக்குத் தெரியாது. மனுவை எழுதுகிற வேலையை அந்தத் தம்பியோ தங்கச்சியோ எடுத்துக்கொள்ளட்டும். தமிழிலேயே எழுதுங்கள். ரெண்டு தடவை, மூணு தடவை அடித்துத் திருத்துங்கள். அவர் எப்படியும் அந்தத் தாளை வரி வரியாகப் படிக்கத்தான் போகிறார். பிழை கண்டுபிடிக்க இடம் வைக்காதீர்கள்.

ஜெய்பீம்.