தந்தையார் விட்டுச்சென்ற குறிப்பேடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பெற்றோர் போற்றிய கலையைப் பிள்ளைகள் போற்றுதல் என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பிறர் தம் பெற்றோரிடமிருந்து வீணையைப் பெற்றிருப்பர், பரதத்தைப் பெற்றிருப்பர். எங்களுக்கு வாய்த்ததோ நாய் வளர்ப்பு! தமிழ்ச் சங்க மேடையில் நாயைப்பற்றிப் பேசுவது தகுமோ என்று அண்ணனும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் தயங்கினோம். ஆயினும், எங்கள் தந்தையாரை அறிந்தவர்கள் இம்மன்றத்தில் பலர் உளர். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, மாலைதோறும் வெள்ளை நாய் ஒன்றுடன் நம் காலனி வீதியில் நடந்து சென்றவரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த உரிமை பற்றியே பேசத் துணிந்தோம்.

நாயைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் வீரனோடு அவன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் கல்வெட்டு கூறுகின்றது. நாய்க்கும் பெயர் பொறித்துக் கல் நட்ட நாடு நம் நாடு.

அந்நாட்டின் தென்பகுதியில் தோன்றிய நாயினங்களே இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்பவை. எங்கள் தந்தையார் உள்ளத்தைக் கவர்ந்தது இராசபாளையம். பால்போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண், நீண்ட கால், ஒடுங்கிய வயிறு ஆகியன அதன் அடையாளங்கள். விடுமுறையில் ஊர் சென்றவர் அங்கிருந்து குட்டி ஒன்றை வாங்கி, இரயிலில் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டில் ஏற்றி, சென்னையில் வண்டி மாறிப் பூனாவுக்குக் கொணர்ந்தார். வண்டி நின்ற பெரிய நிலையங்களிலெல்லாம் இறங்கி ஓடி அதற்குத் தண்ணீர் வைத்தாராம். இதனை அம்மா இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பிறகு கண்காட்சிகள் தொடங்கின. நாய்க் கண்காட்சி என்பது மேல்நாட்டார் வகுத்த முறை. 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் முதற் கண்காட்சி நடைபெற்றது. 1873-இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றிற்று. 1896-இல் இந்தியாவிலும் கென்னல் கிளப் அமைந்தது. ஒரு நாயை மற்றொரு நாயோடு ஒப்பிட்டு அழகியது எது என்று கூறுவதே அங்கு வேலை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. ஒவ்வோர் இனத்திற்கும் எழுதிவைத்த இலக்கணம் ஒன்று உண்டு. நடுவர் அவ்விலக்கணத்தை உள்ளத்திற்கொண்டு நாயை நோக்குகின்றார். வாயைத் திறந்து பல்வரிசையைப் பார்க்கின்றார். தோளையும் முதுகையும் தடவி எலும்பமைப்பை அறிகின்றார். வளர்ப்பவரை நாயுடன் ஓடச் செய்து நடையை அளக்கின்றார். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அச்சில நிமிடங்களுக்காகத் தந்தையார் ஓராண்டு உழைப்பார். விடியற்காலையில் நடை, மாலையில் அசையாமல் நிற்கும் பயிற்சி, கண்காட்சிக்கு முதல்நாள் குளியல். வெள்ளை நாயை அழுக்குப் படாமல் மறுநாள் வரை காப்பதற்குள் வீட்டார் அனைவர்க்கும் போதும் போதும் என்றாகிவிடும்!

அடுத்த வீட்டு மராத்தியப் பெரியவர் ஒருவர் தந்தையாரின் உற்ற தோழர். நாங்கள் அவரைக் காகா என்றே அழைப்போம். அவர் வளர்த்தது கார்வானி நாய். முதோள் நாய் என்றும் அதனைக் கூறுவர். முதோள் சமஸ்தானத்தின் மன்னர் மாலோஜிராவ் கோர்படே அவ்வினத்தைப் பேணி வளர்த்தவர். உம் நாய் ஓடுமா, எம் நாய் ஓடுமா என்று இருவரும் நாள்தோறும் வாதிடுவர். 2005-இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு நான்கு தலைகள் வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், இராம்பூர் நாய் ஆகியவற்றோடு முதோளும் இராசபாளையமும் அவற்றுள் இடம்பெற்றன. இருவரும் ஒன்றாகச் சென்று தலைகளை வாங்கினர். காகா இராசபாளையத்தைத் தம் வீட்டுச் சுவரிலும், தந்தையார் முதோளைத் தம் குறிப்பேட்டிலும் ஒட்டிக்கொண்டனர்.

அக்குறிப்பேட்டைப்பற்றியே கூற வந்தோம்.

தந்தையார் மறைந்தபொழுது எங்களுக்கு எஞ்சியவை ஒன்பது கோப்பைகளும், ஒரு குறிப்பேடும், வெண்ணிலா என்னும் பெட்டை நாயுமே. "அவர் இருந்தவரை அவருக்காக வைத்திருந்தோம். இனி உங்களுக்கு எதற்கு இந்தச் சுமை?" என்றார் அம்மா. நாங்கள் இசையவில்லை. வெண்ணிலாவை முறைப்படி இணை சேர்த்தோம். இணையும் தந்தையாரின் வழிவந்த நாயே. ஆறு குட்டிகள் பிறந்தன. தந்தையாரே திரும்பி வந்ததுபோல் மகிழ்ந்தோம்.

நாய்க்குட்டிக்குப் பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் செவித்துளை திறக்கும். ஆறாம் வாரத்தில் ஒருநாள் சமையலறையில் பித்தளைத் தட்டு ஒன்று கீழே விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த குட்டிகளில் நான்கு துள்ளி எழுந்தன. இரண்டு உறங்கிக்கொண்டே இருந்தன.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுக் காரணத்தை விளக்கினார். தோலுக்கு நிறமூட்டும் நுண்ணறைகள் உட்செவிக்கும் தேவை. வெண்மை மிகுந்த நாய்களிற் சிலவற்றிற்கு உட்செவியில் அவை அமைவதில்லை. அதனால் ஒலியை உணரும் மெல்லிய மயிரறைகள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடுகின்றன. பின்னர் அவற்றை மீட்க மருந்தில்லை. இராசபாளையத்திற்கு மட்டும் உரிய குறையன்று இது. அமெரிக்காவில் டால்மேஷியன் என்னும் புள்ளி நாய்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 8 நாய்கள் முற்றிலும் செவிடாகவும் 22 நாய்கள் ஒரு காது மட்டும் செவிடாகவும் இருந்தன. ஒரு காது கேளாத நாயை வீட்டில் கண்டுபிடிக்க இயலாது. அதற்கெனக் கருவிச் சோதனை வேண்டும். அத்தகைய நாய் மேடையில் பரிசு பெறும். குறையைக் குட்டிகளுக்கும் வழங்கும்.

அன்றிரவு தந்தையாரின் குறிப்பேட்டை முதன்முறையாக முழுதும் படித்தோம். ஒவ்வோர் ஈற்றும் நாள், எடை, நிறம் என்று அழகிய கையெழுத்தில் பதிவாகியிருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் இவ்வாறு கண்டோம்: "மூன்றாம் குட்டி ஓசைக்குத் திரும்பவில்லை. இதன் தாயை இனி இணை சேர்க்கலாகாது." இரண்டு பக்கங்களுக்குப் பின் அதே தாய் நாய் மீண்டும் இணை சேர்க்கப்பட்ட செய்தி இருந்தது. அந்த ஈற்றில் பிறந்த நாயே அவருக்கு மிகப் பெரிய கோப்பையைப் பெற்றுத் தந்தது. வெண்ணிலா அதன் பேத்தி.

மறைந்த தந்தையிடம் குறை காணுதல் மக்களுக்கு எளிதன்று. நெடுநேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. பின்னர் அம்மாதான் கூறினார்: "மறைக்க நினைத்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார் அல்லவா?" உண்மைதான். ஆசை அவரை ஒருமுறை வென்றுவிட்டது. ஆயினும் தம்மையே குற்றம் சாட்டும் எழுத்தை அவர் அழிக்கவில்லை. எங்களுக்கென்றே வைத்துச் சென்றார் போலும்.

இந்நிலையில் அயலூரார் ஒருவர் வந்தார். பரிசு பெற்ற வழி என்பதால், நன்றாகக் கேட்கும் நான்கு குட்டிகளையும் நல்ல விலைக்குக் கேட்டார். செவிட்டுக் குட்டிகளைப்பற்றி யாரிடமும் சொல்ல வேண்டுவதில்லை என்றும் கூறினார். பரிசும் பெயரும் தந்தையாருடையவை. அவ்வழி தொடர்ந்தால் அவர் பெயரும் தொடரும் என்னும் எண்ணம் எங்களை அசைக்காமலில்லை. ஆயினும் மறுத்துவிட்டோம். குறிப்பேட்டில் அந்த ஈற்றை எழுதினோம். "இவ்வழி இத்துடன் நிறுத்தப்பட்டது" என்றும் எழுதினோம். நான்கு குட்டிகளையும் செய்தியை உள்ளபடி கூறி, கருத்தடை செய்து, நம் காலனியிலும் இராஸ்தா பேட்டையிலும் உள்ள அன்பர்களுக்கு விலையின்றிக் கொடுத்தோம். செவிட்டுக் குட்டிகளில் ஒன்றைக் காகா கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றொன்று எங்களிடமே வளர்கின்றது. கையசைவு கண்டு வரவும், உட்காரவும், நிற்கவும் அது கற்றுக்கொண்டுவிட்டது. பேச்சைக் கேளாததால் எங்கள் முகத்தை அது நோக்குவதுபோல் வேறெந்த நாயும் நோக்கியதில்லை.

நண்பர்களே! 2020-இல் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோள் ஆகிய மூன்றையும் இந்நாட்டின் இனங்களாகப் பதிவு செய்தது. இஃது நமக்குப் பெருமையே. ஆனால் இனத்தைக் காப்பது பதிவேடு மட்டுமன்று. ஓரினத்தில் நாய்கள் குறைவாயிருக்கும்பொழுது உறவுக்குள்ளேயே இணை சேர்க்க நேர்கின்றது, குறைகள் கூடுகின்றன. வளர்ப்பவர் ஒவ்வொருவரும் தத்தம் நாயின் குறையை மறைப்பாராயின், எந்த நாயை எதனோடு சேர்ப்பது என்று எவரும் அறிய இயலாது. மறைக்காமல் எழுதிய ஒரு பக்கம் ஒன்பது கோப்பைகளினும் மேலானது என்பதை நாங்கள் அவ்வாறே கற்றோம்.

சென்ற ஆண்டு இராசபாளையம் சென்று, உறவில்லாத வேறு வழிக் குட்டி ஒன்றைக் கொணர்ந்தோம். சென்னையில் வண்டி மாறினோம். நிலையங்களில் இறங்கி ஓடித் தண்ணீர் வைத்தோம். இவ்வாண்டு இந்நகரில் நடந்த கண்காட்சிக்கு அதனை அழைத்துச் சென்றோம். அம்மாவும் முதன்முறையாக வந்து முன்வரிசையில் அமர்ந்தார். எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். நாய் நன்று, அதனை ஓட்டியவர்க்குப் பயிற்சி போதாது என்றார் நடுவர். வீடு திரும்பியதும் அம்மா குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்து, "நடுவர் சொன்னதையும் விடாமல் எழுதுங்கள்" என்றார். எழுதினோம்.

பெற்றோர் விட்டுச்சென்றதை அப்படியே தொடர்வது மட்டும் மக்கள் கடமையன்று. அவர்தம் ஆர்வத்தை ஏற்று, அவர் தவறிய இடத்தில் தவறாது நடப்பதும் அவர்க்குச் செய்யும் சிறப்பே.