பெயர் போடாத சுவரொட்டி



லைபாக் குழுவின் பாட்டை முதன்முதலில் கேட்டபோது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். பட்டாளம் நடப்பதுபோல முரசு, பட்டறைச் சத்தம்போல இரும்பின் ஓசை, அதற்குமேல் அடித்தொண்டையில் ஓர் ஆண்குரல். பாடுகிற குரலாக இல்லை, உத்தரவு போடுகிற குரல். இவர்கள் சர்வாதிகாரத்தைக் கேலி செய்கிறார்களா, கும்பிடுகிறார்களா? எனக்குப் பிடிபடவில்லை.

அவர்களுடைய அரசாங்கத்துக்கும் பிடிபடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

1980இல் யூகோஸ்லாவியாவின் திர்போவ்லியே என்ற ஊரில் உருவான குழு இது. இன்று அந்த ஊர் ஸ்லோவேனியாவில் இருக்கிறது. அன்று அது நிலக்கரிச் சுரங்க ஊர். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி மட்டும் 360 மீட்டர். அந்த ஊர் இளைஞர்கள் இயந்திர இரைச்சலை இசையாக்கியதில் வியப்பில்லை. குழு உருவானபோது யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோ இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஊரில் இவர்கள் ஏற்பாடு செய்த முதல் நிகழ்ச்சி, சுவரொட்டிகளைப் பார்த்த மாத்திரத்தில் தடை செய்யப்பட்டது. ஒரு சுரம்கூட யார் காதிலும் விழவில்லை!

பெயரே பெரிய வம்பு. லூப்லியானா நகரத்துக்கு ஜெர்மன் மொழியில் லைபாக் என்று பெயர். நாஜிப் படை அந்த நகரை ஆண்ட நாட்களை நேரில் கண்டவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களுக்கு வலித்திருக்கும். அந்த வலியைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

1983இல் குழுவினர் தொலைக்காட்சிப் பேட்டிக்குச் சீருடையில் வந்து உட்கார்ந்தார்கள். கேள்விகளுக்கு முகத்தில் சலனமே இல்லாமல் அறிக்கை வாசித்தார்கள். நாட்டில் பெரும் கொந்தளிப்பு. லூப்லியானாவில் லைபாக் என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்தத் தடை வந்தது. அரசைத் திட்டியிருந்தால் வழக்குப் போடுவது சுலபம். இவர்களோ அரசின் குரலிலேயே அரசைவிடச் சத்தமாகப் பேசினார்கள். கடைசியில் பெயரைத்தான் தடை செய்ய முடிந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நகரில் கச்சேரி நடத்தினார்கள். சுவரொட்டியில் ஒரு கறுப்புச் சிலுவை, தேதி, இடம். வேறொன்றும் இல்லை. புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. 1985இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையிலும் பெயர் கிடையாது. 1987இல்தான் தடை விலகியது.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். ஓபஸ் என்ற ஆஸ்திரியக் குழுவின் ‘லைவ் இஸ் லைஃப்’ பலருக்குத் தெரிந்த பாட்டு. கூட்டம் கைதட்டிக் கூடவே பாடும் கொண்டாட்டம். அதே பாட்டை 1987இல் லைபாக் அணிவகுப்பாக மாற்றியது. மெட்டு அதேதான். முதலில் ஓபஸைக் கேளுங்கள், பிறகு லைபாக்கைக் கேளுங்கள். அதன்பின் மறுபடியும் ஓபஸுக்கு வந்து, அந்தக் கைதட்டல் இப்போது எப்படிக் கேட்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள்.