பள்ளி நூலகத்தின் சாவி



காரைக்காலிலிருந்து மேற்கே திருநள்ளாற்றைக் கடந்து வருவோருக்கு அம்பகரத்தூர் என்றதும் பத்ரகாளியம்மன் திருக்கோயிலே நினைவுக்கு வரும். கோயிலால் பெயர்பெற்ற ஊரில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இத்தகைய விழாக்களில் அவையை ஒருமுறை கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதல் ஆண்டுக் கவியரங்கில் கைதட்டியவர்களே பத்தாம் ஆண்டிலும் கைதட்டுகின்றனர். தலைமுடி மட்டும் வெளுத்திருக்கிறது. இருபதாம் ஆண்டு விழாவில் இந்த இருக்கைகளில் யார் அமர்வர் என்பதை, இன்று ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளின் கையில் பாடநூல் தவிர வேறு என்ன நூல் இருக்கிறது என்பதே முடிவு செய்யும். ஆகவேதான் உயர்நிலைப் பள்ளி நூலகம் என்பது இலக்கிய வட்டத்தின் சொந்தக் கவலையாகிறது.

இம்மண்ணுக்கும் இப்பொருளுக்கும் உள்ள உறவு பழையது. 1909இல் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியப் பணியேற்றார். கனகசுப்புரத்தினம் என்ற அவ்விளைஞரே பின்னர்ப் பாவேந்தர் பாரதிதாசன் ஆனவர். 1946இல் ஓய்வு பெறும்வரை பள்ளிப் பிள்ளைகளோடு வாழ்ந்தவர் அவர். அவருடைய ‘புத்தகசாலை’ என்னும் பாடலைக் கவிஞர்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. நூலின் பெருமையைப் பாடுவதோடு அவர் அமையவில்லை. சில தெருக்களுக்கு ஒரு நூலகம் எனக் கணக்கிடுகிறார். வருபவரை எப்படி வரவேற்பது, எங்கே அமரச் செய்வது, புதிய நூல் வந்திருக்கும் செய்தியை எப்படிச் சொல்வது என்பன வரை எண்ணிப் பார்க்கிறார். நூலைப் புகழ்ந்த கவிஞர் பலர்; நூல் தேடி வந்தவனுக்கு இருக்கை இடுவதைப் பாடியவர் அரியர். வகுப்பறையில் காலம் கழித்த ஆசிரியருக்கே அது தோன்றியிருக்க முடியும்.

அதே எண்ணத்தை அறிவியலாக்கியவர் காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த சில நாட்களிலேயே அப்பணியின் தனிமை பொறாது கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார் என்பது அவர் வரலாற்றில் சுவையான பகுதி. இங்கிலாந்து சென்று நூலகங்களைப் பார்த்து வந்த பிறகுதான் அவருக்கு அத்தொழிலில் பிடிப்பு ஏற்பட்டது. 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது. கேட்பவர்க்கு இதில் என்ன புதுமை எனத் தோன்றும். ஐரோப்பிய நூலகங்களில் நூல்களை இரும்புச் சங்கிலியால் நிலைப்பேழையோடு பிணைத்து வைத்திருந்த வரலாற்றை அவர் அங்கே விரிக்கும்போதுதான் பொருள் விளங்கும். காப்பதே கடமை என எண்ணியவன் சங்கிலி பூட்டினான். படிப்பதே பயன் என உணர்ந்த காலத்தில் சங்கிலி கழன்றது.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்பாரின் முயற்சியில், அரங்கநாதனின் ஊக்கத்தோடு தொடங்கியது அது. நெல் மூட்டை ஏற்றும் வண்டிகள் ஓடிய சாலைகளில் நூல் ஏற்றிய வண்டி ஓடியது. வாசகன் வரவில்லை என்று நூலகர் வருந்தி உட்கார்ந்திருக்கவில்லை. நூல் வாசகனைத் தேடிச் சென்றது. காவிரிப் படுகையிலேயே இது நடந்தது என்பதை இப்பகுதிப் பள்ளிகள் அறிந்திருக்க வேண்டும். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாளில்தான் அது இந்தியாவோடு இணைந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த சிற்றூர்கள் அச்சட்டத்தின் பயனைப் பெறத் தொடங்கிய காலத்தில் இப்பால் இருந்த சிற்றூர்களுக்கு அவ்வழி திறக்கவில்லை. அத்தகைய ஊர்களில் பள்ளி நூலகத்தின் பொறுப்பு இரட்டிப்பாகிறது என்பதைச் சொல்லவே இச்செய்தி.

இனிப் பள்ளிக்கு வருவோம். ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952–53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு நாட்டின் பள்ளி நூலகங்களைப் பார்த்து மனம் நொந்தது. நூல்கள் பழையன, பிள்ளைகளின் விருப்பம் அறியாது வாங்கப்பட்டன, இருண்ட அறையில் அடைபட்டுக் கிடப்பன, பொறுப்பாளரோ எழுத்தர் அல்லது வேறு வேலைகளுக்கிடையே இதையும் சுமக்கும் ஆசிரியர். இவையே அக்குழு கண்டவை. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இவ்வருணனை பழங்கதையாகிவிடவில்லை என்பதை ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். சரசுவதி பூசையன்று நூல்களுக்குச் சந்தனம் இட்டு, அன்று ஒரு நாள் அவற்றைத் தொடாதிருப்பது மரபு. எத்தனையோ பள்ளி அலமாரிகளில் ஆண்டு முழுவதும் சரசுவதி பூசைதான்.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்வது எளிது, நேர்மையன்று. அலமாரியைப் பூட்டச் செய்வது அச்சம். நூல்களின் இருப்புப் பதிவேடு ஓர் ஆசிரியர் பெயரில் இருக்கிறது. மாறுதலாகிப் போகும்போதோ ஓய்வு பெறும்போதோ ஒவ்வொரு நூலையும் எண்ணி ஒப்படைத்தாக வேண்டும். குறைந்தால் கேள்வி வரும். சில வேளை பணமும் கட்ட நேரும். நூறு பிள்ளைகள் நூறு நூல் படித்ததற்காக அவரை யாரும் பாராட்டி எழுதப்போவதில்லை. இரண்டு நூல் காணாமற் போனதற்கு விளக்கம் கேட்டு எழுதுவார்கள். இந்நிலையில் அறிவுள்ள எவரும் பூட்டத்தான் செய்வார்.

ஆனால் விதியே அவ்வளவு கடுமையாக இல்லை. நடுவணரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் இழப்பை இயல்பானதாகக் கொள்ளலாம் என்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருத்தலாகாது, அரிய நூலும் விலை மிக்க நூலும் இதில் சேரா, அவ்வளவே. கணக்குப் பார்ப்பவர்களே ஆயிரத்துக்கு ஐந்தை மன்னிக்கிறார்கள். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த ஐந்து கழிவதற்கு முதலில் ஆயிரம் நூல் வழங்கப்பட்டிருக்க வேண்டும். எதுவும் வழங்காத நூலகத்துக்கு இந்தச் சலுகையால் பயனில்லை.

பூட்டு திறந்த பிறகு செய்யவேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. முதலியார் குழு சொன்ன வகுப்பு நூலகம் இன்றும் நல்ல வழி. முப்பது நாற்பது நூல்களை ஒரு பெட்டியில் வைத்து வகுப்பறையிலேயே விட்டுவிடுவது. இரண்டு மாணவர் குறிப்பேடு எழுதுவது. மாலை நான்கு மணிக்குமேல் நூலகம் திறந்தால் அது பெண் பிள்ளைகளுக்குப் பெரிதும் உதவாது. வீட்டில் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையரும் அவர்களுக்காகக் காத்திருக்கும். வகுப்பிலிருக்கும் பெட்டி அவர்களுக்கும் எட்டும்.

எல்லாவற்றினும் கடினமானது, ஒன்பதாம் வகுப்பில் இருந்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் நிலை. அவனுக்கு மொத்தமான நூலைக் கொடுத்தால் ஓடுவான். குழந்தை நூலைக் கொடுத்தால் தோழர் முன் வெட்கிச் சாவான். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படியாக வகுத்தது. வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்த பகுப்பு அது. அத்தகைய சிறுநூல் ஒன்றை அப்பிள்ளையிடம் கொடுத்து, “வீட்டில் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டுப்பா” என்று சொல்லி அனுப்பும் ஆசிரியர் அவன் மானத்தையும் காக்கிறார், வாசிப்பையும் வளர்க்கிறார். திரும்பி வந்தவனிடம் கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதிருத்தல் அதனினும் இன்றியமையாதது. தேர்வு என்ற வாடை அடித்ததுமே கதை பாடமாகிவிடும். “தங்கச்சி என்ன சொன்னாள்?” என்று கேட்டால் போதும்.

இவ்விடத்தில் கவிஞர்களுக்கும் ஒரு சொல் உண்டு. கவிதைத் தொகுதி வெளிவந்ததும் பள்ளி நூலகத்துக்கு இரண்டு படிகள் அன்பளிப்பாகத் தருவது நல்ல வழக்கமே. பன்னிரண்டு வயதுப் பெண் அதைப் பிரித்தால் அவளுக்கென்று அதில் ஒரு பக்கமேனும் இருக்கிறதா? அழ. வள்ளியப்பா தம் முதல் தொகுதியான ‘மலரும் உள்ள’த்தை 1944இல் பிள்ளைகளுக்கென்றே வெளியிட்டார். வங்கியில் கணக்கெழுதிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் அதைத் தொடர்ந்தார். மரபுக்கவிதையா புதுக்கவிதையா என்று அவைகள் பொருதிய காலத்தில் பிள்ளைகளுக்கு எழுதுவோர் இரு பாசறையிலும் குறைந்துபோயினர். எழுத இயலாதோர் படித்துக் காட்டலாம். மாதம் ஒருமுறை, நூலகப் பாடவேளையில், பத்து நிமிடம், ஒரு கவிஞர், ஒரு நூல். பொன்னாடை வேண்டா, அறிவுரை அறவே வேண்டா. கதை சுவைக்கும் இடத்தில் நிறுத்தி, நூலை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். மிச்சத்தை அறிய எத்தனை கைகள் நீளும் என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர் அறிவர்.

விடுமுறைச் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பிள்ளைகளுக்கு நேரம் மிகுந்து கிடக்கும் காலம் கோடை. அதற்கு முன்பே, இருப்புக் கணக்கு எடுக்கவேண்டும் என்று, வெளியில் போன நூல்களையெல்லாம் திரும்பப் பெற்று அலமாரியைப் பூட்டுவது பல பள்ளிகளில் வழக்கம். உழவன் மழைக்கு முன் மடையை அடைப்பது போன்றது இது. கணக்கைப் பள்ளி திறந்தபின் எடுத்துக்கொள்ளலாம். விடுமுறைக்கு முன்னாள் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று நூல்களோடு வீடு செல்லட்டும்.

சில நூல்கள் திரும்பா. கிழியும், நனையும், வேற்றூர் மாமன் வீட்டில் தங்கிவிடும். அந்த இழப்பை ஆசிரியர் தலையில் சுமத்தாமல் தான் ஏற்பதாக இலக்கிய வட்டம் தலைமையாசிரியருக்கு எழுத்தில் உறுதி தரட்டும். ஆயிரம் நூலுக்கு ஐந்து என்றால், நூல் ஒன்று நூறு ரூபாய் என வைத்துக்கொண்டாலும் ஐந்நூறு ரூபாய். ஐந்து பத்தானாலும் ஆயிரம். இம்மேடையில் இன்று போர்த்தப்பட்ட பொன்னாடைகளின் விலை அதனினும் மிகுதி. உறுதிக் கடிதத்தை வட்டத்தின் செயலாளர் எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், சாவியைக் கேட்டுப் பெறலாம்.