திரைக்களமும் மணற்களமும்



கல்முனைக்குடியிற் கடற்கரைப் பள்ளிவாசலை நோக்கிச் செல்லும் தெருக்களுள் ஒன்றில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டா, மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ அதனைப் போன்ற வீடுகள் பல உண்டு. இஷாத் தொழுகை முடிந்த நேரம். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பாயில் அமர்ந்து, இரு கைகளாலும் ஒரு சிறு விசைக் கருவியைப் பற்றியபடி, தொலைக்காட்சித் திரையை இமையாது நோக்கிக்கொண்டிருக்கிறான். திரையில் எண்கோண வேலிக்குள் இரு வீரர்கள் பொருதுகின்றனர். குத்துகின்றனர், உதைக்கின்றனர், கட்டிப்பிடித்து நிலத்தில் உருளுகின்றனர். நெற்றியில் வியர்வை துளிர்க்கிறது. புருவம் கிழிந்து குருதி வழிகிறது. அத்தனையும் கணினி தீட்டிய ஓவியமே. எனினும் ஓவியமென்று நம்புதல் அரிது.

சிறுவனுடைய வாப்பா அந்தப் பெட்டியை விற்றுவிடுவதென்று முடிவு செய்துவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை. முதல் நாள் மாலை முற்றத்தில் விளையாடுகையில், திரையிற் கண்ட பிடியொன்றைச் சிறுவன் தன் தம்பியின் கழுத்திற் போட்டுப் பார்த்தான். தம்பியின் முகம் சிவந்தது; குரல் எழவில்லை. உம்மா ஓடிவந்து பிரித்துவிட்டார். தம்பிக்கு ஊறு எதுவும் நேரவில்லை. ஆயினும் அன்றிரவு அவ்வீட்டில் எவரும் நன்றாக உறங்கவில்லை.

பெட்டியை விற்றால் தீருமா என்பதே இன்று ஆராயவேண்டிய கேள்வி. அதற்கு முன்னர், அவ்விளையாட்டு யாது, எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் வேண்டும்.

கலப்புத் தற்காப்புப் போர் என இக்காலத்தார் வழங்கும் போட்டியின் நிழலே அத்திரை விளையாட்டு. குத்துச்சண்டை, தாய்லாந்தின் உதைச்சண்டை, மல்யுத்தம், யப்பானிய ஜூடோ, பிறேசிலிய ஜியு ஜிட்சு ஆகியன ஒரே களத்திற் கலக்கும் போட்டி அது. 1993 நவம்பர் 12 ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் யூ. எப். சி. என்னும் பெயரில் முதற்போட்டி நடைபெற்றது. எண்மர் இறங்கிய அக்களத்தில், றொய்ஸ் கிரேசி என்னும் மெலிந்த உடலினரான பிறேசில் நாட்டவர், தம்மினும் எடை கூடிய மூவரை ஒரே இரவில் வென்றார். அவர் கையாண்டவை பெரும்பாலும் குத்துகள் அல்ல, பிடிகள். அக்கலையை அவருடைய குடும்பத்தார் மயேடா என்னும் யப்பானிய ஜூடோ வீரரிடமிருந்து பெற்றனர். முதற்போட்டிகளில் விதிகள் மிகச் சில. எடைப் பிரிவுகளும் இல்லை. எதிர்ப்பு வலுத்தபின், 2000 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்திற் பொதுவிதிகள் வகுக்கப்பட்டன. பல செயல்கள் விலக்கப்பட்டன. ஐந்து நிமிடச் சுற்றுகள் முறையாயின.

இப்போட்டி திரைக்கு வந்த வரலாறும் உண்டு. 2009 இல் யப்பானின் யூக்ஸ் நிறுவனம் ஆக்கிய விளையாட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. 2014 முதல் ஈ. ஏ. நிறுவனம் வரிசையாகப் பல பதிப்புகளை வெளியிட்டது. ஐந்தாம் பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. அதன் நுட்பம் வியக்கத்தக்கது. கருவியிலுள்ள நான்கு பொத்தான்கள் வீரனின் இரு கைகளுக்கும் இரு கால்களுக்கும் உரியன. தலை, உடல், கால் ஆகியவற்றில் விழும் அடிகள் தனித்தனியே கணக்கிடப்படும். மூச்சுக்கும் ஓர் அளவுண்டு. பொத்தான்களைக் கண்டபடி அமுக்குபவனுடைய வீரன் முதற் சுற்றிலேயே களைத்துவிடுவான். களைத்தவன் ஓங்கும் அடியில் வலுவில்லை. புருவக் காயம் பெரிதானால் மருத்துவர் வந்து பார்ப்பார். வேண்டுமானால் ஆட்டத்தையே நிறுத்துவார். ஆகவே, இவ்விளையாட்டு பொறுமையைக் கற்பிக்கவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. அவசரக்காரன் அங்கும் தோற்கிறான்.

இனி, இதனை மேனாட்டார் சரக்கென்று ஒதுக்குதலும் பொருந்தாது. பண்டைக் கிரேக்கர் கி. மு. 648 இல் ஒலிம்பிய விழாவிற் சேர்த்துக்கொண்ட பங்கிராத்தியம் என்னும் போரும் இத்தகையதே. கடித்தலும் கண் தோண்டுதலும் தவிர, அங்கு ஏறக்குறைய எல்லாம் இசைவு. கி. மு. 564 இல் அரிக்கியோன் என்னும் வீரன், கழுத்துப் பிடியிற் சிக்கிய நிலையிலும், பகைவனின் காலை முறுக்கினான். நோவு தாங்காத பகைவன் தோல்வியை ஒப்புக்கொண்டான். ஆனால் அதே கணத்தில் அரிக்கியோனின் உயிர் பிரிந்திருந்தது. இறந்த உடலுக்கே வெற்றிமாலை சூட்டினர். கழுத்துப் பிடி எத்துணைக் கொடியது என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ?

தமிழ் மரபிலும் இதற்கு இடமுண்டு. புறநானூற்றின் 80 ஆம் பாட்டிற் சாத்தந்தையார் என்னும் புலவர், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத காட்சியைத் தீட்டுகிறார். ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் முதுகைச் சூழ்ந்து தடுத்து நின்ற நிலையை அவர் கூறுகிறார். இன்றைய எண்கோணக் களத்தைக் கண்டவர்க்கு அந்நிலை அந்நியமாகத் தோன்றாது. அப்பாட்டிலே இன்னுமொரு செய்தி உண்டு. கிள்ளியோடு மனம் வேறுபட்டிருந்த அவன் தந்தை தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், மகனுடைய இந்தப் போரைக் கண்ணாற் காணவேண்டுமென்று புலவர் விரும்புகிறார். மகன் எதிற் கை தேர்ந்திருக்கிறான் என்பதைத் தந்தை வந்து பார்க்கவேண்டும் என்னும் அவ்விருப்பம், இத்தனை நூற்றாண்டு கழிந்தும் பழமை எய்தவில்லை.

கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களிலோ சீனடியும் சிலம்படியும் நெடுங்காலம் பயிலப்பட்டு வந்தன. பெயரைக் கொண்டு சீனடி சீனத்திலிருந்து வந்ததென்பாரும் உளர். அதன் நெருங்கிய உறவான பொல்லடி, கலியாண வீடுகளிலும் சுன்னத்து வைபவங்களிலும் இன்றும் ஊரைக் களிக்கச் செய்கிறது. அண்ணாவியார் பாட, இணையிணையாக நிற்போர் கம்போடு கம்பு பொருத்திச் சுழல்வர். ஆனால் மணல் முற்றத்தில் இரவு விளக்கின் கீழ்ச் சுவடு பிடித்துப் பழகும் இளைஞர் அருகிவிட்டனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோளிற் கரையோர வீடுகளும் வளவுகளும் அழிந்தன. உயிர் தப்பியோர் பலர் உட்பகுதியில் எழுந்த புதுக்குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். அங்கே முற்றம் சுருங்கியது, திரை பெருகியது. பிள்ளைகளிடத்து மட்டும் குறை காண்பது முறையன்று.

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். இவ்வூர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்து மருமகனை வரவேற்பதால், உம்மாவின் தந்தையார் பெரும்பாலும் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார். பள்ளியிலிருந்து வந்த மூத்தாப்பா, பேரனுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கிறார். அவர் இளமையிற் சீனடி பழகியவர். திரையில் ஒரு வீரன் மற்றவனின் கழுத்தைப் பின்னாலிருந்து கையால் வளைத்து இறுக்குகிறான். அகப்பட்டவன் தரையை உள்ளங்கையால் மும்முறை தட்டுகிறான்.

“அவன் ஏன் மகன் நிலத்தில தட்டுறான்?”

“தோத்துட்டானாம் மூத்தாப்பா. விடச் சொல்றான்.”

“மத்தவன் விட்டுட்டானா?”

“நடுவர் வந்து பிரிச்சுவிடுவார்.”

“நடுவர் இல்லாட்டி?”

சிறுவன் விடை கூறவில்லை. முதல் நாள் மாலை முற்றத்தில் நடுவர் இருக்கவில்லை.

மூத்தாப்பா பாயில் அமர்ந்தார். “கையைத் தாங்க மகன்,” என்று பேரனின் மணிக்கட்டைப் பற்றினார். பற்றியதுதான் தெரிந்தது, திருப்பியது தெரியவில்லை. தோள் வரையில் நோவு மின்னலெனப் பாய்ந்தது. சிறுவனின் மறு கை தானாகவே பாயைத் தட்டியது. முதல் தட்டு ஓயுமுன் முதியவரின் விரல்கள் தளர்ந்துவிட்டன.

“இதைத்தான் எங்கட அண்ணாவியார் முதல்ல படிப்பிச்சார். பிடிக்க அல்ல, விட.”

நேயர்களே, திரையிற் கிடையாத பாடம் இதுவேயாகும். திரை வீரனின் கழுத்தை இறுக்குபவனுக்குத் தன் கழுத்தில் ஒன்றும் தெரிவதில்லை. உண்மையிலோ, கழுத்தின் இரு மருங்கும் மூளைக்குக் குருதி செல்லும் குழாய்கள் அமுக்கப்படின், பத்து வினாடி அளவில் நினைவு தப்பிவிடும். பிடி நீடிப்பின் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைக்கோ தட்டவேண்டும் என்பதுகூடத் தெரியாது. மணற்களத்திற் பயின்றவன் ஒவ்வொரு பிடியையும் பிறர்மேற் போடுமுன் தன் உடம்பிலே ஏற்றவன். ஆதலின் அவன் அதன் விலையை அறிவான். சிலம்பத்தைச் சலாம் வரிசை என்னும் வணக்கத்தோடு தொடங்குதலும் இக்கருத்துப் பற்றியே. எதிரே நிற்பவன் பகைவனல்லன், பயிற்சித் தோழன் என்பதை உடம்பே ஒப்புக்கொள்ளும் சடங்கு அது.

இவ்வூர்ப் பிள்ளைகள் மத்ரசாவிற் கேட்டறிந்த செய்திகளும் இதனையே வற்புறுத்துகின்றன. பொருதும்போது முகத்தில் அடித்தலைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் பணித்தார்கள். மற்போரிற் பிறரை வீழ்த்துபவனை அன்று, சினம் மூளும்போது தன்னை அடக்குபவனையே வலியவன் என்றார்கள். மற்போரை அறியாத சமுதாயத்துக்குக் கூறிய சொல்லன்று இது. மற்போரில் மகிழ்ந்த சமுதாயத்துக்குக் கூறியது.

அப்படியாயின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? முதலாவது, பெட்டியின் மேலுறையைப் படித்தல். ஐந்தாம் பதிப்பை 17 வயதும் அதற்கு மேலும் உடையோர்க்கே உரியதென அமெரிக்க மதிப்பீட்டுச் சபை குறித்துள்ளது. முந்திய பதிப்புகள் 13 வயதினர்க்கும் இசைவானவை. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் எது இருக்கிறது என்பதை வாங்கிக் கொடுத்தவரே அறியாதிருத்தல் பிள்ளையின் குற்றமன்று. இரண்டாவது, தித்தனைப் பற்றிப் புலவர் விரும்பியதுபோல, ஒருமுறையேனும் பக்கத்தில் அமர்ந்து பார்த்தல். அறியாத ஒன்றைத் தடுப்பவரின் சொல் பிள்ளையின் செவியில் ஏறாது. மூன்றாவது, திரையிற் கண்டதைத் தம்பிமேற் சோதியாது, தெரிந்தவர் ஒருவர் முன்னிலையில் மணலிற் பயில வழிசெய்தல். சீனடி அறிந்த முதியவர் இன்னும் சில ஊர்களில் உளர். அவர்கள் மறைந்தபின் எந்தப் பொத்தானை அமுக்கினும் அக்கலை எழுந்து வாராது.

இம்மூன்றும் செய்த பின்னரும் பெட்டி தீங்கே விளைக்குமாயின், அப்போது விற்கலாம். முதலிலேயே விற்றுவிட்டால், அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் இன்னொரு திரை இருக்கும். அங்கே மூத்தாப்பா இருக்கமாட்டார்.

அன்றிரவு அவ்வீட்டிற் பெட்டி விற்கப்படவில்லை. வாப்பா அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் தாமும் பார்க்கப்போவதாகக் கூறினார். சிறுவன் மணிக்கட்டைத் தடவியவாறு உள்ளே சென்றான். உறக்கம் வராமற் புரண்டுகொண்டிருந்த தம்பியின் அருகில் அமர்ந்து, சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், “நேத்து நொந்ததா?” என்று கேட்டான்.