சாக்கடைக்கு யார் பொறுப்பு?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடியிருப்புப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, போனஸ், பஞ்சப்படி பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று சாக்கடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முகம் சுளிக்க வேண்டாம். எட்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு, அல்லது பொழுது சாயும் வரை வயலில் குனிந்துவிட்டு வீடு திரும்பும் உழைப்பாளியின் வாசலில் தேங்கி நிற்பது அதுதான். அவன் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் கொண்டு வருவது அதுதான். போராடிப் பெற்ற கூலி உயர்வை ஆஸ்பத்திரி வாசலில் பிடுங்கிக்கொள்வதும் அதுதான்.

இதற்கு யார் பொறுப்பு? வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டால், "நகராட்சியைப் போய்க் கேள்" என்கிறார். நகராட்சியில் கேட்டால், "அது வீட்டுக்குள் இருக்கும் குழாய், சொந்தக்காரரைக் கேள்" என்கிறார்கள். இருவருக்கும் நடுவே குடியிருப்பவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். கடைசியில் வாளியும் கயிறுமாக ஓர் ஏழை மனிதன் குழிக்குள் இறக்கப்படுகிறான்.

எல்லைக்கோடு எங்கே?

பாதாளச் சாக்கடை உள்ள ஊரில், தெருவில் ஓடும் பெரிய குழாய், அதன் மேன்ஹோல்கள், நீரேற்று நிலையம், சுத்திகரிப்பு நிலையம் யாவும் உள்ளாட்சியின் பொறுப்பு. வீட்டு எல்லைக்குள் இருக்கும் கக்கூஸ், குழாய், தொட்டி யாவும் சொந்தக்காரரின் பொறுப்பு. மனுச் செய்து, கட்டணம் கட்டி, தெருக் குழாயோடு இணைப்பு வாங்க வேண்டியவரும் அவர்தான். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் செப்டிக் டேங்கைச் சரியாகக் கட்டுவதும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுப்பதும் அவர் வேலையே.

"நான்தான் வரி கட்டுகிறேனே" என்பார் அவர். அந்த வரிப் பணம் எங்கிருந்து வந்தது? லைன் வீட்டில் குடியிருக்கும் பத்துக் குடும்பங்களின் வாடகையிலிருந்து வந்தது. வாடகை வாங்கும்போது வீடு அவருடையது. சாக்கடை பொங்கும்போது மட்டும் ஊருடையதா?

பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். அடியில் பூசாத ஒரு குழி. அதற்குப் பெயர் செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குச் செலவாகும் என்று, இருட்டோடு இருட்டாக ஒரு குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிடுகிறார். மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. குளத்துக்கும் ஆற்றுக்கும் போகிறது. மாடியில் விழும் மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விடுகிறவர்களும் உண்டு. அந்தக் குழாய் மழை வெள்ளத்தைத் தாங்கும்படி போடப்பட்டதல்ல. ஐப்பசி மழையில் அது பொங்கும்போது மேட்டுத் தெருவில் பொங்காது. பள்ளத்தில்தான் பொங்கும். பள்ளத்தில் குடியிருப்பது யார்? நாம்தான்.

மூக்கு எட்டிய பிறகு வந்த சட்டம்

இது புதிய கதையல்ல. முதலாளித்துவம் முதலில் வளர்ந்த இங்கிலாந்தில், மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளரின் குடியிருப்புகள் எப்படி மலத்திலும் சேற்றிலும் மூழ்கிக் கிடந்தன என்று 1845இலேயே எங்கெல்ஸ் எழுதி வைத்தார். லண்டனில் காலரா அலையலையாக வந்து ஆயிரமாயிரம் பேரைக் கொண்டு போயிற்று. நாடாளுமன்றம் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் கரையில் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தது. கனவான்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்கள். சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது. நகரெங்கும் பெரும் சாக்கடைகள் எழுந்தன. ஏழையின் சாவு அசைக்காத சபையை எஜமானர்களின் மூக்கு அசைத்தது!

குழிக்குள் இறங்குபவன் யார்?

தோழர்களே, இப்போது இந்தக் கூட்டத்தின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2019 முதல் 2023 வரை ஐந்தாண்டுகளில் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி 377 பேர் மாண்டார்கள் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மாண்டவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். சாதி ஒரு கையால் தள்ளுகிறது, வறுமை மறு கையால் தள்ளுகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பாதுகாப்பின்றி ஒரு மனிதனைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கி வேலை வாங்கக் கூடாது. நகராட்சி, காண்டிராக்டர், தனி வீட்டுக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும். நேரடியாக இறக்கினாலும் புரோக்கர் மூலம் இறக்கினாலும் குற்றமே. முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் விதித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கிறது. மனிதன் குழியில் இருக்கிறான்.

குழிக்குள் இருக்கும் விஷவாயுவைப் பற்றி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் இல்லை என்று இறங்குபவன் சில மூச்சில் சாய்கிறான். விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பதும் வழியல்ல. உள்ளே மீத்தேன் இருந்தால் அது தீப்பற்றி வெடிக்கும். உள்ளே விழுந்தவனைத் தூக்க அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி மூவராகச் சாவதை அடிக்கடி கேள்விப்படுகிறோம். யாரும் இறங்காதீர்கள், தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

நமக்குள் ஒரு வார்த்தை

கசப்பானாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடன் வாங்கி ஒன்றரை சென்டில் வீடு கட்டிய தொழிலாளித் தோழர் நம்மிடையே உண்டு. லாரிக்காரன் அதிகம் கேட்கிறான் என்று, ஐந்நூறு ரூபாய்க்கும் ஒரு குவார்ட்டருக்கும் ஓர் ஆளை அழைத்து வந்து இறக்குகிறாரே, அந்த நேரத்தில் அவர் யார்? ஆலையில் செங்கொடி பிடிப்பவர், தன் வாசலில் எஜமானராகிவிடலாமா? இறங்குபவனும் ஒரு தொழிலாளி. அவன் உயிரில் மிச்சம் பிடித்த காசு நமக்கு வேண்டாம்.

கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு யோசனை. குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் கட்டச் செப்டிக் டேங்கே தேவையில்லை. நிலத்தடி நீர் மிக மேலே இல்லாத இடத்தில் இரட்டைக் குழி போதும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு குழி நிரம்பச் சுமார் மூன்று ஆண்டு ஆகும். பிறகு அதை அடைத்துவிட்டு அடுத்த குழிக்குத் திருப்ப வேண்டும். மூடிய குழியில் உள்ளது இரண்டு ஆண்டில் நாற்றமற்ற எருவாகிவிடும். யாரும் மலத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் குடிநீர்க் கிணற்றை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். ஒற்றைக் குழி வெட்டிவிட்டுப் "பணி முடிந்தது" என்று பில் போடும் காண்டிராக்டரை ஊர்க் கூட்டத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

என்ன செய்வது?

ஒன்று, தெருவுக்கொரு குழு அமைப்போம். லைன் வீடு ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பம், எத்தனை கக்கூஸ், கழிவு எங்கே போகிறது என்று கணக்கெடுப்போம்.

இரண்டு, தனியாகப் போய்க் கேட்டால் "வீட்டைக் காலி செய்" என்பார்கள். பத்துக் குடும்பமும் சேர்ந்து எழுத்தில் கேட்போம். நகல் நகராட்சி ஆணையருக்குப் போகட்டும். ரசீது வாங்கி வைப்போம்.

மூன்று, இணைப்புக் கட்டணத்தை ஏழைகளின் சொந்த வீடுகளுக்குத் தள்ளுபடி செய்யவும், வாடகை தின்னும் பெரிய சொந்தக்காரர்களிடம் கண்டிப்பாக வசூலிக்கவும் உள்ளாட்சியிடம் கோருவோம்.

நான்கு, அடைப்பெடுக்கும் இயந்திரமும் கழிவுநீர் லாரியும் ஊருக்குப் போதுமான அளவில், நியாயமான கட்டணத்தில் வேண்டும். தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். காண்டிராக்ட் முறை ஒழிய வேண்டும். அவர்களுடைய போராட்டத்தில் ஆலைத் தொழிலாளியும் நிற்க வேண்டும்.

ஐந்து, நம் தெருவில் எந்த மனிதனும் குழிக்குள் இறங்க விடமாட்டோம். இறக்குவதைக் கண்டால் உடனே தடுப்போம். 14420 என்ற எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்வோம்.

தோழர்களே, வீட்டுக்காரன் தன் கடமையைச் செய்யட்டும். நகராட்சி தன் கடமையைச் செய்யட்டும். இருவரையும் செய்ய வைப்பது நம் கடமை. நாளை மாலை ஷிப்டு முடிந்ததும் முதல் தெருவில் கணக்கெடுப்பைத் தொடங்குகிறோம். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்!