எடுத்தலும் வைத்தலும்



உணவு, மருந்து, நூல், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது சமண அறம். இவற்றுள் மருந்து தமிழ்ச் சமணர்க்கு மிக அணுக்கமானது. கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும், காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்துகளின் பெயரையே சூட்டினர். ஆயினும் மருந்தைக் கொடுத்த அளவில் அத்தானம் நிறைவுறுமோ என்பது எண்ணத்தக்கது.

2008ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடைபெற்றது. அம்முகாமின் வழியே அறுவை செய்துகொண்டோரில் 60-க்கும் மேற்பட்டோர் நோய்த்தொற்றினால் பார்வையை இழந்தனர். கண்ணொளி பெறச் சென்றவர் இருந்த ஒளியையும் இழந்து திரும்பினர். அவர்க்குத் தீங்கு செய்ய எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

எண்ணாமல் விளைந்த தீங்கு இம்சையாகுமா? உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும் இடத்தில் ‘பிரமாதம்’ என்பதைக் காரணமாக வைக்கிறது. அச்சொல்லின் பொருள் கவனமின்மை. (இன்று தமிழர் ‘பிரமாதம்’ என்று சொல்லிப் பாராட்டுவது மொழியின் விளையாட்டு.) பகையால் விளைவதைப் போலவே அசட்டையால் விளைவதும் இம்சையே.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளரும் நாடுகளில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் 100 பேரில் 15 பேர் அங்கேயே ஒரு தொற்றையேனும் பெறுகின்றனர். செல்வ நாடுகளில் 7 பேர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் கை நசுங்கியோ தீப்புண்பட்டோ வரும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். தோல் இழந்த உடம்பில் கிருமி நுழையக் கதவு தேவையில்லை. புண் சீழ்ப்பிடித்தால் பத்து நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர் இரண்டு மாதம் படுக்கையில் கிடப்பார். ஊரில் அவர் அனுப்பும் பணத்தை நம்பிய குடும்பம் கடன்படும்.

இதைத் தடுக்கும் ஒழுங்கைச் சோதித்துச் சான்றளிக்க இன்று அமைப்புகள் உள்ளன. அரசு மருத்துவமனைகளுக்கு 2015 முதல் ‘காயகல்ப்’ திட்டம் உண்டு. தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கு இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் என்.ஏ.பி.எச். அங்கீகாரம் வழங்குகிறது. 50 படுக்கைகள் வரையுள்ள சிறு மருத்துவமனைகளுக்கெனத் தனித் தரநிலையே இருப்பதால், ‘அது பெரிய இடத்துச் செய்தி’ என ஒதுக்குவதற்கில்லை.

அங்கீகாரத்திற்கு ஆயத்தமாதல் என்றவுடன் சுவருக்கு வண்ணம் பூசுவதும், வேறொரு மருத்துவமனையின் கையேட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அச்சிடுவதும் சிலர் வழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவே இல்லாத இடத்தின் கையேட்டில் அப்பிரிவுக்குப் பத்துப் பக்கம் இருக்கும்! சோதிக்க வருவோர் கையேட்டோடு நில்லார். பல மாதப் பதிவேடுகளைப் புரட்டுவர். தரை துடைக்கும் பெண்ணிடமும் வினவுவர்.

துறவியர்க்கு விதித்த ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கவனமாயிருத்தல் என்பது அதன் பொருள். மருத்துவமனையின் நோய்த்தொற்றுத் தடுப்பில் பெரும்பகுதி இதுவே. ஒரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை தூய்மை செய்தல். சோப்பும் நீரும் எனில் 40 முதல் 60 நொடி. 1847இல் வியன்னா நகர மகப்பேற்றுப் பிரிவில் செம்மல்வைசு என்னும் மருத்துவர் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்து தாய்மாரின் சாவைப் பெரிதும் குறைத்தார். உடன் பணியாற்றிய மருத்துவரோ நெடுநாள் அவரை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர் உண்டெனக் கருதி நீரை வடிகட்டிப் பருகும் மரபினர்க்கு அவர் கூற்று வியப்பாயிருந்திராது.

அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவில் 121 பாகை வெப்பத்தில் அழுத்த நீராவியால் தூய்மையாக்குவர். பொதியின்மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு தோன்றினால் போதுமென்று பலர் கருதுகின்றனர். அக்கோடு பொதி வெப்பம் கண்டது என்று மட்டுமே கூறும். உள்ளே உள்ளவை மாண்டன எனக் கூறாது. அதை அறிய, வெப்பத்தை எளிதில் தாங்கும் நுண்ணுயிர் விதைகள் அடங்கிய சிறு குப்பியையும் உடன் வைத்துச் சோதித்து, முடிவைத் தேதியிட்டுக் குறித்தல் வேண்டும்.

கிருமிகளைக் கொல்லுதல் இம்சையன்றோ எனச் சிலர் வினவுவதுண்டு. இல்லறத்தார்க்கு உரியது அணுவிரதம். தவிர்க்க இயலாத இம்சையை இயன்றவரை குறைப்பது அவர் கடன். தொற்று வராமல் காத்தல், வந்தபின் வலிய மருந்துகளால் வாரக்கணக்கில் அழித்தலினும் குறைந்த இம்சையே.

கழிவை உயிர்க்கு ஊறின்றி நீக்குவது உத்சர்க்க சமிதி. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளும் அதையே வேறு மொழியில் கூறுகின்றன: உடற்பகுதியும் குருதி தோய்ந்த பஞ்சும் மஞ்சளில், குழாய் முதலிய நெகிழி சிவப்பில், ஊசி துளைபடாத வெள்ளைக் கலத்தில், கண்ணாடி நீலத்தில். பொதுவாக 48 மணி நேரத்திற்கு மேல் தேக்கலாகாது.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு செவிலியர், வேறு பணி தராமல். கட்டடத்திற்குக் கொடை கொடுத்தால் பெயர்க்கல் பதிக்கலாம். செவிலியரின் மாதச் சம்பளத்தில் பெயர் பொறிக்க இடமில்லை. அதனால்தான் கட்டடங்கள் எழுகின்றன, அப்பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்க்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் போடுவதும் அவ்வாறே விடுபட்டுப் போகிறது. கழிவுப்பையில் மறைந்த ஊசி முதலில் குத்துவது அவர்கள் கையைத்தான்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இன்னொரு தேவையும் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர் நோயாளிகளாகவும் ஊழியராகவும் மருத்துவமனைகளில் உள்ளனர். குப்பைக் கலங்களுக்கு மேலுள்ள அறிவிப்போ தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. இவ்வவையில் இந்தியை வீட்டுமொழிபோல் பேசுவோர் பலர் உளர். மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் வார்டுக்குச் சென்று, எதை எந்த நிறக் கலத்தில் இட வேண்டும், ஊசி குத்தினால் உடனே யாரிடம் கூற வேண்டும், 72 மணி நேரம் கடந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஏன் பயன்படாது என்பவற்றை அவர்கள் மொழியில் கூறலாம். சோதிக்க வருவோர் கேட்கும் வினாவுக்கு அப்பணியாளர் தாமே விடை கூறுவார்.